கடலுக்குள் ஒரு பந்தி... திருக்கைகள் கூடும் ஹனிஃபாரு!

ஆகஸ்ட் மாதக் காலை. தராவந்தூ தீவின் படகுத்துறை. இரவெல்லாம் பெய்த மழையில் மணல் தெருக்கள் நனைந்து கிடக்கின்றன. வானம் இன்னும் மூடித்தான் இருக்கிறது. தென்மேற்குக் காற்று தென்னை மரங்களைப் பிடித்து உலுக்குகிறது. மாலத்தீவு என்றதும் நம் கண் முன்னால் வந்து நிற்கும் அந்த நீல வானமும் வெள்ளை வெயிலும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

வேறு தீவாக இருந்தால், 'போயும் போயும் இந்த மழையிலா வந்தோம்' என்று சுற்றுலாப் பயணிகள் நொந்துகொண்டிருப்பார்கள். தராவந்தூவில் அப்படி இல்லை. முகத்தில் மாட்டும் கண்ணாடியையும், மூச்சுக்குழாயையும், காலில் மாட்டும் துடுப்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு, விடுதி வாசலில் ஒரு கூட்டமே காத்திருக்கிறது. எல்லோருடைய பார்வையும் வழிகாட்டியின் கையில் இருக்கும் போன்மீதே இருக்கிறது.

போன் ஒலிக்கிறது. கடலில் காவலுக்கு நிற்கும் படகிலிருந்து செய்தி. வழிகாட்டி தலையை ஆட்டிச் சிரிக்கிறார். அவ்வளவுதான், ஐந்தே நிமிடத்தில் எல்லோரும் படகில்!

அவர்கள் பார்க்கப் போவது ஒரு மீனை. ஆனால், ஒரு வீட்டு வரவேற்பறை அளவுக்கு அகலமான மீன். அதுவும் ஒன்றல்ல... சில நாள்களில் பத்து, இருபது. அதிர்ஷ்டம் இருந்தால் நூறு!

எங்கே இருக்கிறது ஹனிஃபாரு?

மாலத்தீவின் தலைநகர் மாலேயிலிருந்து வடமேற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பா அடோல். 'அடோல்' என்பது வளையம் போன்ற பவளத்திட்டுகளும், அவற்றின் மேல் முளைத்த தீவுகளும், நடுவில் தேங்கிய கடலும் சேர்ந்த அமைப்பு. உலகம் முழுக்கப் புவியியல் புத்தகங்களில் வழங்கும் இந்தச் சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்து போனதுதான்.

பா அடோலின் கிழக்கு விளிம்பில், ஆள் குடியில்லாத சின்னஞ்சிறு தீவு ஹனிஃபாரு. அதை ஒட்டி, பவளத்திட்டு வளைந்து ஒரு புனல்போல அமைந்திருக்கிறது. அதுதான் ஹனிஃபாரு விரிகுடா. விரிகுடா என்றதும் வங்காள விரிகுடாவைக் கற்பனை செய்ய வேண்டாம். மனிதர்களும் திருக்கைகளும் சந்திக்கும் அந்த இடம், ஏறக்குறைய ஒரு கால்பந்து மைதானம் அளவுதான். தராவந்தூவிலிருந்து ஸ்பீட் போட்டில் கிளம்பினால் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம்.

இந்தச் சிறிய பவளக் கிண்ணத்துக்குள்தான், உலகிலேயே வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத அளவுக்குத் திருக்கைகள் கூடுகின்றன. 2011-ம் ஆண்டு, பா அடோல் முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ அறிவித்ததற்கு இந்த இடமும் ஒரு முக்கியக் காரணம்.

சமையல் செய்வது நிலவும் காற்றும்!

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு கூட்டம்? பதில் ஒற்றைச் சொல்லில் அடங்கும்: சாப்பாடு!

நம் ஊரில் குற்றாலச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான், மே முதல் நவம்பர் வரை மாலத்தீவுக் கடலையும் மேற்கிலிருந்து கிழக்காகத் தள்ளுகிறது. கடலின் அடியிலிருந்து மலைத்தொடர்போல எழுந்து நிற்கும் தீவுக்கூட்டத்தை இந்த நீரோட்டம் தாண்டிப் போகும்போது, மறுபக்கத்தில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே எழும்புகிறது. அந்த நீரில் சத்து அதிகம். சத்து இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் செழிக்கும். அவற்றைத் தின்ன அரிசி மணியைவிடச் சிறிய மிதவை உயிரிகள் பெருகும். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 'பிளாங்க்டன்' என்கிறார்கள்.

அடுத்தது, நிலவின் வேலை. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் கடல் ஏற்றம் அதிகம் என்பது கடலோரத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். அந்த நாள்களில் ஏற்ற நீர் வெளிக்கடலிலிருந்து அடோலுக்குள் பாய்கிறது. பருவக்காற்று தள்ளும் நீரோட்டமோ எதிர்த்திசையில் வருகிறது. இரண்டும் மோதும் இடத்தில் சுழல் உண்டாகி, பிளாங்க்டன் கூட்டம் ஹனிஃபாருவின் புனலுக்குள் இழுத்துத் தள்ளப்படுகிறது. உள்ளே போனது வெளியே வர வழியில்லை. சில மணி நேரத்தில் விரிகுடாவின் நீர் கஞ்சிபோலக் கலங்கிவிடுகிறது.

பந்தி தயார். விருந்தாளிகள் வர வேண்டியதுதான் பாக்கி!

தெளிந்த நீரை எதிர்பார்த்து வருபவர்கள் முதலில் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். ஆனால், ஹனிஃபாருவில் நீர் கலங்கியிருப்பதே நல்ல சகுனம். கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் அன்று இலை போடவில்லை என்று அர்த்தம்.

யார் இந்த விருந்தாளி?

திருக்கை நமக்குப் புதிதல்ல. கடலோர ஊர்களில் திருக்கைக் குழம்புக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. முள்ளுள்ள திருக்கை வாலைச் சாட்டையாகப் பயன்படுத்திய கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தத் திருக்கைக் குடும்பத்தின் ஜாம்பவான்கள்தான் 'மான்ட்டா' திருக்கைகள். ஸ்பானிஷ் மொழியில் மான்ட்டா என்றால் போர்வை. தலையின் இருபுறமும் கொம்புபோல நீண்டிருக்கும் துடுப்புகளைப் பார்த்து, தமிழகக் கடற்கரையில் இந்த இனத்தைக் 'கொம்புத் திருக்கை' என்பார்கள். அந்தக் கொம்புகளைப் பார்த்துப் பயந்த ஐரோப்பிய மாலுமிகளோ 'சாத்தான் மீன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உண்மையில் இவ்வளவு சாதுவான மீனைப் பார்ப்பது அரிது. மான்ட்டாவின் வாலில் விஷமுள் கிடையாது. கடிக்காது. எதிரியைக் கண்டால் சண்டை போடாது, விலகிப் போய்விடும். பாதுகாப்புக்கு அதனிடம் இருப்பதெல்லாம் வேகமும் உருவமும்தான்.

மான்ட்டாக்களில் இரண்டு வகைகள் பிரபலம். நடுக்கடலில் உலவும் பெரிய மான்ட்டா, சிறகிலிருந்து சிறகுவரை 7 மீட்டர்கூட வளரும். ஹனிஃபாருவுக்கு அதிகம் வருவது பவளத்திட்டுகளை ஒட்டி வாழும் வகை. அதன் அகலம் பெரும்பாலும் 3 முதல் 4 மீட்டர். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. அந்த வெள்ளை வயிற்றில் மை தெளித்ததுபோல கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒன்றின் புள்ளிகள்போல இன்னொன்றுக்கு இருக்காது. நமக்குக் கைரேகை எப்படியோ, அப்படித்தான் மான்ட்டாவுக்கு வயிற்றுப் புள்ளி!

இந்தப் புள்ளிகளைப் படமெடுத்துப் பதிவு செய்யும் வேலையை 2005-ம் ஆண்டு மாலத்தீவில் தொடங்கினார் கடல் உயிரியலாளர் கை ஸ்டீவன்ஸ். பின்னாளில் 'மான்ட்டா ட்ரஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கியவரும் இவர்தான். இன்று அந்தப் பதிவேட்டில் மாலத்தீவுக் கடலைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட மான்ட்டாக்கள் இருக்கின்றன. பவளத்திட்டுகளை ஒட்டி வாழும் மான்ட்டா வகையில், உலகில் அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய கூட்டம் இது. சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களும் இந்தப் பதிவேட்டுக்கு உதவுகின்றன. யாரோ விடுமுறைக்கு வந்த இடத்தில் எடுத்த ஒரு வயிற்றுப் படம், 'இது பத்து வருடங்களுக்கு முன்னால் பார்த்த அதே பெண் மான்ட்டா' என்று கண்டுபிடிக்கக் கை கொடுக்கும்.

வடிகட்டி அடைக்காத ரகசியம்

இவ்வளவு பெரிய உடம்பு, இவ்வளவு சிறிய உணவு. எப்படிக் கட்டுப்படியாகிறது? வாயை அகலத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருப்பதுதான் வழி. சாதாரணமாக நீந்தும்போது கொம்புபோலச் சுருண்டிருக்கும் தலைத் துடுப்புகள், சாப்பிடும்போது விரிந்துகொள்ளும். இரண்டு கைகளால் அள்ளுவதுபோல நீரை வாய்க்குள் தள்ளும். உள்ளே போகும் நீர் செவுள்கள் வழியாக வெளியேற, உணவு மட்டும் தங்கிவிடும்.

நம் வீட்டு டீ வடிகட்டியே நாலு முறை வடித்தால் அடைத்துக்கொள்கிறது. நாள் முழுக்க வடிகட்டும் மான்ட்டாவின் செவுள் ஏன் அடைத்துக்கொள்வதில்லை? விஞ்ஞானிகளைக் குடைந்த கேள்வி இது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. மான்ட்டாவின் வடிகட்டி சல்லடைபோல வேலை செய்வதில்லை. வரிசையாகச் சாய்ந்து நிற்கும் சிறு மடல்களில் பட்டு, உணவுத் துணுக்குகள் தட்டாமாலை சுற்றி எகிறித் தொண்டையை நோக்கிப் போகின்றன. நீர் மட்டும் இடுக்கில் நழுவிவிடுகிறது. துளையைவிடச் சிறிய துணுக்குகூட தப்பிப்பதில்லை, துளையும் அடைபடுவதில்லை. கழிவுநீரில் கலக்கும் நுண் பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்க இதே உத்தியைப் பயன்படுத்த முடியுமா என்ற யோசனையும் அந்த ஆய்விலிருந்து பிறந்ததுதான்.

சாப்பிடுவதிலும் பல பாணிகள் உண்டு. உணவு கொஞ்சமாக இருந்தால் தனித்தனியாக மேயும். ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அதே இடத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கூட்டம் சேர்ந்தால் ஒன்றன் பின் ஒன்றாக ரயில் பெட்டிகள்போல வரிசை கட்டும். வரிசை நீண்டுகொண்டே போய், முதலில் போகும் மான்ட்டா கடைசியில் வரும் மான்ட்டாவின் வாலைப் பிடித்தால்..? அப்போதுதான் அந்த அபூர்வக் காட்சி அரங்கேறும். பத்துக்கணக்கான மான்ட்டாக்கள் வட்டமாகச் சுற்ற, நடுவில் நீரே சுழலாக மாறி, உணவை உள்ளே இழுக்கும். 'சூறாவளி உண்ணல்' என்று இதற்குப் பெயர். இந்தச் சூறாவளிக்குப் பேர்போன இடம் ஹனிஃபாரு.

புகழ் வந்தது... கூட்டமும் வந்தது!

ஒரு காலத்தில் ஹனிஃபாருவைச் சுற்றுவட்டாரத் தீவு மக்களைத் தவிர யாருக்கும் தெரியாது. 2009-ம் ஆண்டு ஜூலை மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில், தாமஸ் பெஷாக் எடுத்த ஹனிஃபாரு மான்ட்டாக்களின் படங்கள் வெளியாயின. உலகமே திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்கள் டிக்கெட் போட்டார்கள்.

கால்பந்து மைதானம் அளவுள்ள இடத்துக்குள் ஒரே நேரத்தில் எத்தனை படகுகள் நிற்க முடியும்? மேலே ஸ்நார்க்கல் செய்பவர்களின் கால்கள், கீழே ஸ்கூபா டைவர்கள் விடும் காற்றுக்குமிழ்கள், அதற்கு மேல் படகுகளின் இரைச்சல். பந்தியில் உட்கார்ந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். குமிழ்கள் முகத்துக்கு நேரே எழும்பினால் மான்ட்டா வாயை மூடிக்கொண்டு திசை மாறிவிடும். சாப்பாட்டுக்காகத் தொலைவிலிருந்து வந்த விலங்கு, சாப்பிடாமல் திரும்பும் நிலை உண்டானது.

அதே 2009-ம் ஆண்டே மாலத்தீவு அரசு ஹனிஃபாருவைப் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியாக அறிவித்தது. ஆனால், அறிவிப்புப் பலகை மட்டும் போதவில்லை. 2012 முதல் கடுமையான முடிவு ஒன்று அமலுக்கு வந்தது. விரிகுடாவுக்குள் இனி ஸ்கூபா டைவிங் கிடையாது, ஸ்நார்க்கல் மட்டும்தான்!

டைவிங் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் நாட்டில் இது சாதாரண முடிவல்ல. உலகின் தலைசிறந்த டைவிங் இடங்களில் ஒன்றிலேயே டைவிங்கை நிறுத்துவது, ஓடும் கடையின் கதவை முதலாளியே பாதி சாத்துவது போன்றது. ஆனாலும் சாத்தினார்கள். இன்றைய விதிகள் இவை: ஒரே நேரத்தில் 5 படகுகள், 80 பேர், ஆளுக்கு 45 நிமிடம். அனுமதிச் சீட்டும், சான்றிதழ் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். விதியை மீறுபவர்களைக் கவனிக்க ரேஞ்சர்கள் படகிலேயே காவல் இருப்பார்கள். வசூலாகும் கட்டணம் இந்தக் காவலுக்கும் பாதுகாப்புப் பணிகளுக்கும் கைகொடுக்கிறது.

'இவ்வளவு காசு செலவழித்து வந்து 45 நிமிடம்தானா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நீருக்குள் இறங்கி ஏறிய பிறகு, அவர்களில் பலர் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள்.

உயிரோடு இருந்தால்தான் லாபம்

மான்ட்டாவுக்கு ஏன் இத்தனை காவல்? அதன் குடும்பக் கணக்கைப் பார்த்தால் புரியும். பெண் மான்ட்டா தாய்மைக்குத் தயாராகவே பத்து வருடங்களுக்கு மேல் ஆகும். கர்ப்ப காலம் ஏறத்தாழ ஒரு வருடம். பிறப்பது பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. சிறகுகளைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டு பிறக்கும் அந்தக் குட்டி, வெளியே வந்ததும் சிறகை விரித்துத் தானே நீந்திப் போய்விடும். அடுத்த குட்டிக்கு இரண்டு வருடமோ, ஐந்து வருடமோ, அதற்கு மேலோ ஆகலாம். ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மத்தியோடும் அயிரையோடும் ஒப்பிட்டால், இது யானை பிள்ளை பெறும் கணக்கு. வலையில் சில மான்ட்டாக்கள் போனால், அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும்.

ஆனால், வலைகள் சும்மா இருக்கவில்லை. மான்ட்டாவின் காய்ந்த செவுளுக்கு மருத்துவக் குணம் இருப்பதாக நம்பி, சீனாவில் சூப் வைத்துக் குடிக்கும் வழக்கம் பரவியது. அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தியா, இலங்கை, இந்தோனேசியா எனப் பல நாட்டுக் கடற்கரைகளிலிருந்தும் செவுள்கள் மூட்டைகளாகப் போயின. 2013-ம் ஆண்டுதான் மான்ட்டாக்கள், சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மாலத்தீவில் மான்ட்டாக்கள் தப்பிப் பிழைத்ததற்கு, அந்த நாட்டு மீனவர்களின் பழைய பழக்கம் ஒரு காரணம். அவர்களின் முக்கிய மீன் சூரை. அதை வலை போட்டு வாரி எடுப்பதில்லை. படகின் பின்புறம் வரிசையாக நின்று, தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார்கள். சூரைக்கு வீசிய வலையில் திருக்கை சிக்கிச் சாகும் பிரச்னை அங்கே கிட்டத்தட்ட இல்லை. 2014-ம் ஆண்டு, எல்லாத் திருக்கை இனங்களுக்கும் மாலத்தீவு சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது.

இதில் கருணை மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. 2006-லிருந்து 2008 வரையிலான தகவல்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு, மான்ட்டாவைப் பார்க்க வருபவர்களால் மாலத்தீவுக்கு ஆண்டுக்குச் சுமார் 81 லட்சம் டாலர் நேரடி வருமானம் கிடைப்பதாகச் சொன்னது. செத்த மான்ட்டாவை ஒரே ஒரு முறைதான் விற்க முடியும். உயிரோடு இருக்கும் மான்ட்டா வருடா வருடம் சம்பாதித்துக் கொடுக்கும்!

நீருக்குள் அந்த 45 நிமிடம்

படகு நின்றுவிட்டது. முதல்முறை கடலில் இறங்குபவர்களுக்கு, இந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். கீழே கருநீலம். மேலே சாரல். 'நான் படகிலேயே இருந்துவிடுகிறேனே' என்று ஒருவராவது சொல்வார். வழிகாட்டி வற்புறுத்த மாட்டார். லைஃப் ஜாக்கெட்டைச் சரிசெய்து, மிதவை வளையத்தைக் காட்டி, 'இதைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள், போதும்' என்பார்.

முகத்தை நீரில் வைத்த முதல் நிமிடம் எதுவும் தெரியாது. தன் மூச்சுச் சத்தம் மட்டும் குழாய்க்குள் 'ஹூ... ஹா...' என்று கேட்கும். கண் முன்னே தூசியாய் மிதக்கும் பிளாங்க்டன். பிறகு, அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து வெள்ளையாய் ஏதோ ஒன்று தெரியும். அது பெரிதாகும். இன்னும் பெரிதாகும். அது வாய் என்பது புரிவதற்குள், ஒரு மனிதனே நுழைந்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்குத் திறந்த அந்த வாய் நேராக நம்மை நோக்கி வரும்.

ஓடத் தோன்றும். கையைக் காலை உதறத் தோன்றும். இரண்டும் வேண்டாம் என்றுதான் படகில் பாடம் எடுத்திருப்பார்கள். அசையாமல் மிதந்தால் போதும். கை எட்டும் தூரத்தில் சிறகை லேசாகச் சாய்த்து, ஒரு துளி நீரையும் சிதறவிடாமல் மான்ட்டா கீழே நழுவிப் போகும். போகும்போது தலையின் பக்கவாட்டில் இருக்கும் கண் திரும்பிப் பார்க்கும். மீன்களிலேயே மிகப்பெரிய மூளை மான்ட்டாவுக்குத்தான் என்பது, அந்தப் பார்வையைச் சந்தித்த பிறகு நம்ப முடியாத செய்தியாக இருக்காது.

தொடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. மான்ட்டாவின் தோல்மேல் வழுவழுப்பான ஒரு படலம் இருக்கிறது. கிருமிகளிடமிருந்து அதைக் காப்பது அந்தப் படலம்தான். நாம் ஆசையாகத் தடவினால் அது கலைந்துவிடும். 3 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். அதுவாகப் பக்கத்தில் வந்தால் வரட்டும். பின்னால் துரத்தக் கூடாது. துரத்தினால் அது போய்விடும். நமக்கு மட்டுமல்ல, உடன் வந்த எல்லோருக்கும் காட்சி முடிந்துவிடும்.

டைவர்கள் மனம் தளர வேண்டாம். சாப்பிட்டு முடித்த மான்ட்டாக்கள் குளிக்கப் போகும் இடங்கள் உண்டு! 'திலா' எனப்படும் நீரடிப் பாறைத் திட்டுகளில் சின்னச் சின்ன மீன்கள் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும். மான்ட்டா வந்து அசையாமல் மிதந்ததும், அதன் தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்யும். மான்ட்டாவுக்குச் சுத்தம், மீனுக்குச் சாப்பாடு! தராவந்தூ திலா போன்ற இடங்களில், ஓரமாக ஒதுங்கி நின்று இந்த 'சலூனை' ஸ்கூபா டைவிங்கில் பார்க்கலாம்.

கரையில்...

ஈரத் துண்டோடு திரும்புபவர்களுக்கு விடுதியில் 'மாஸ் ஹுனி' காத்திருக்கும். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள, நம் சப்பாத்தியின் தங்கைபோல 'ரொஷி'. நம் கடலோரத்திலும் இலங்கையிலும் குழம்புக்கும் சம்பலுக்கும் ருசி கூட்டும் மாசிக் கருவாடு, மாலத்தீவுக்காரர்களின் சூரைதான். அங்கே படகுக்குப் பெயர் 'தோனி'. நம் தோணியின் சொந்தக்காரர்போல ஒலிக்கிறது, இல்லையா?

2009 வரை, உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதிகளுக்கு அனுமதி இல்லை. தனித் தீவு ரிசார்ட்டுகள் மட்டும்தான். அனுமதி வந்த பிறகு, தராவந்தூ போன்ற ஊர்களில் சிறு விடுதிகள் முளைத்தன. 2012-ல் அங்கே விமான நிலையமும் வந்தது. நடுத்தரக் குடும்பமும் ஹனிஃபாருவை எட்ட முடிகிறது என்றால் காரணம் இவைதான். திருக்கை வராமல் போனால் முதலில் அடிவாங்கப் போவதும் இந்தச் சிறு விடுதிகளும் வழிகாட்டிகளும்தான். விதிகளை அவர்கள் இவ்வளவு அக்கறையாகச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இலை போடாத நாள்

எல்லா நாளும் போன் ஒலிக்காது. காற்று திசை மாறினால், ஏற்றம் சரியாக அமையாவிட்டால் விரிகுடா வெறும் தண்ணீராகக் கிடக்கும். மூன்று நாள் தங்கிவிட்டு, ஒரு மான்ட்டாவைக்கூடப் பார்க்காமல் திரும்பும் குடும்பங்கள் உண்டு. இது மீன் காட்சியகமல்ல. இங்கே யாரும் திருக்கைக்குத் தீனி போட்டு வரவழைப்பதில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கடல் சூடாகிறது. 1998-லும் 2016-லும் மாலத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. இந்தப் பந்தி முழுக்க முழுக்கப் பருவக்காற்றை நம்பி இருக்கிறது. காற்று தடுமாறினால் சமையலும் தடுமாறும். 5 படகு, 80 பேர், 45 நிமிடம் என்று ஒரு சின்ன நாடு தன் விரிகுடாவுக்கு வேலி போட முடிந்தது. பருவக்காற்றுக்கு வேலி போட அதனால் முடியாது. அது உலகத்தில் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* மே முதல் நவம்பர் வரை சீஸன். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் வாய்ப்பு அதிகம். காலண்டரைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். குறைந்தது நான்கைந்து நாள்கள் தங்குவது நல்லது.

* திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து தராவந்தூவுக்கு உள்நாட்டு விமானம் அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும்.

* இந்தியர்களுக்கு மாலத்தீவில் இறங்கியதும் இலவச விசா கிடைக்கும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பயண விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

* நீச்சல் தெரியாதவர்கள், முதல் நாளே ஆழமில்லாத கரையோரத்தில் ஸ்நார்க்கல் பழகிக்கொள்ளுங்கள். கண்ணாடி முகத்தில் பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

* சன் ஸ்க்ரீன் பூசுவதற்குப் பதில் முழுக்கை நீச்சல் உடை அணியலாம். பவளத்துக்கும் நல்லது.

* உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடைக்கென ஒதுக்கிய கடற்கரை தவிர, மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது மரியாதை.

* கேமராவில் ஃபிளாஷ் போடக் கூடாது. வயிற்றுப் புள்ளிகள் தெரியும்படி படம் கிடைத்தால், வழிகாட்டியிடம் கொடுங்கள். உங்கள் படமும் பதிவேட்டுக்கு உதவலாம்.

45 நிமிடம் முடிந்ததும் வழிகாட்டி கையை உயர்த்துகிறார். ஒவ்வொருவராகப் படகில் ஏறுகிறார்கள். இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர்தான் எப்போதும் கடைசியில் ஏறுவார். அடுத்த படகு, ரேஞ்சரின் அனுமதிக்காக வெளியே காத்திருக்கிறது. யாரும் அதிகம் பேசுவதில்லை. மழை வலுக்கிறது. கீழே, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்ற நினைப்பே இல்லாமல், வாயைத் திறந்தபடி அடுத்த சுற்றுக்குத் திரும்புகின்றன திருக்கைகள். பந்தி இன்னும் முடியவில்லை!